மானோ என்றால் கை

நவம்பர் 6

முதலில் திட்டம். திட்டமில்லாமல் எழுத எனக்கு வராது.

1. மானோ என்றால் கை. உடலுறுப்பு. மற்ற எல்லாப் பொருளும் இந்த அடிமரத்தின் கிளைகள்.
2. யானையின் துதிக்கை. ஸ்பானிஷ் அகராதி இதையும் மானோ என்கிறது.
3. சுவருக்கு அடிக்கும் பூச்சு. ஒரு மானோ, இரண்டு மானோ.
4. சீட்டாட்டத்தில் முதலில் பேசும் உரிமை உள்ளவர்.
5. உதவி. அவர்கள் 'ஒரு கை போடு' என்கிறார்கள், நாம் 'கை கொடு' என்கிறோம். இதில் விளக்க ஒன்றுமில்லை.
6. பக்குவம். சமையலிலும் செடி வளர்ப்பிலும்.

அகராதியில் இன்னும் நிறைய இருக்கிறது. ஆறோடு நிறுத்திக்கொள்கிறேன். ஸ்பானிஷில் வணக்கம் சொல்லவே தடுமாறும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியன் இதை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் மருத்துவமனை நடைக்கூடத்தில் காத்திருக்கும்போது என் காதில் அதிகம் விழும் சொல் இதுதான். கதவுக்கு அந்தப் பக்கம் 'மானோ, மானோ' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

மகன் ஆவுடையைப் பார்த்துப்போக செப்டம்பரில் ஸ்பெயினின் இந்த லொக்ரோன்யோ ஊருக்கு வந்தோம். அக்டோபரில், சேலையை மடித்துக்கொண்டிருந்த என் மனைவி வடிவு அப்படியே சரிந்தாள். பக்கவாதம். இப்போது நடக்கிறாள். வாய் இடப்பக்கம் கொஞ்சம் இழுத்திருக்கிறது. பேச்சு குழறுகிறது, ஆனால் குறையவில்லை. வலது கைதான் இன்னும் விழிக்கவில்லை. முதல் சில மாதங்களில் திரும்புவதுதான் திரும்பும் என்கிறார் மருத்துவர். "என் கையால சாப்பிடுத ஆளாத்தான் செங்கோட்டைல எறங்குவேன். இல்லாட்டி எறங்க மாட்டேன்" என்கிறாள் வடிவு.

இரவு பருப்புச் சாதம். நான் ஊட்டினேன். நன்றாகச் சாப்பிட்டாள்.

நவம்பர் 9

பயிற்சி கொடுக்கும் பெண்ணின் பெயர் பெகோன்யா. பிகோனியாச் செடிக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு இருக்குமென்று மகிழ்ந்தேன். இல்லையாம்.

இன்று என்னையும் உள்ளே அழைத்தாள். ஒரு பெரிய கிண்ணம் நிறைய அரிசி. அதற்குள் வலது கையை விட்டுத் துழாவி, புதைத்து வைத்த கோலிகளை எடுக்க வேண்டும். வடிவு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அரிசியில வெளையாடச் சொல்லுதா. அன்னம்லா அது! முடியாதுன்னு சொல்லுங்க."

தொலைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். பெகோன்யா மன்னிப்புக் கேட்டு, அரிசியை எடுத்துப் போய்விட்டுக் கொண்டைக்கடலை கொண்டுவந்தாள்.

"இது மட்டும் என்ன மண்ணாங்கட்டியா?"

கடைசியில் சட்டைப் பொத்தான்கள் வந்தன. ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. பெகோன்யா ஆவுடையிடம் தொலைபேசியில் நெடுநேரம் பேசினாள். வீட்டில் எல்லாவற்றுக்கும் வலது கையைப் பயன்படுத்த வேண்டும், முக்கியமாகச் சாப்பாட்டுக்கு, சிந்தினாலும் பரவாயில்லை என்றாளாம். குறித்துக்கொண்டேன்.

இரவு தயிர்ச் சாதம். அவள் களைத்திருந்தாள். ஊட்டினேன்.

நவம்பர் 10

இரண்டாவது குறிப்பைப் பற்றி. யானைக்குக் கைம்மா என்று ஒரு பழைய பெயர் நம்மிடம் உண்டு. கையுடைய விலங்கு. தும்பிக்கை, துதிக்கை இரண்டிலும் கை இருக்கிறது. எங்கோ கிடக்கும் ஸ்பானியர்களுக்கும் அந்த மூக்கு கையாகவே தெரிந்திருக்கிறது. காலையில் வடிவிடம் இதைப் படித்துக் காட்டினேன். சுவாரசியம் இல்லாதவள் போலக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"யானைக்கு ஒத்தக் கைதான். என்ன கொறஞ்சா போச்சி?"

முப்பது வருடம் பாடம் நடத்தியும் எனக்கு இப்படி ஒரு வாக்கியம் அமைந்ததில்லை.

நவம்பர் 13

ரசம் சாதம். ஒரு பருக்கை சிந்தவில்லை.

நவம்பர் 17

நடைக்கூடத்துக்கு வண்ணம் பூசுகிறார்கள். பூசுபவர் சுவரைச் சாய்ந்து பார்த்து, கூட்டாளியிடம் "இன்னொரு மானோ" என்றார். நேரில் கேட்டதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. மூன்றாவது குறிப்பு உயிரோடு என் முன்னால் ஏணியில் நின்றது. அவர்கள் வண்ணத்தை எண்ணுவதில்லை, கை எத்தனை முறை அந்தச் சுவரைக் கடந்தது என்பதை எண்ணுகிறார்கள்.

அகராதியில் பார்த்த இன்னொன்று: அம்மி போன்ற ஒன்று மெக்சிகோவில் உண்டு. அதன் குழவிக்கும் மானோ என்றே பெயர். நாம் அதைக் குழவி, அதாவது குழந்தை, என்கிறோம், அவர்கள் கை என்கிறார்கள். வெகுநேரம் இதை யோசித்துக்கொண்டிருந்ததில், வடிவு வெளியே வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"ஏங்க, ஒரு மணி நேரமா நிக்கேன். சொவத்துல என்ன எழுதியிருக்கு?"

ஒரு நிமிடம்தான் நின்றிருப்பாள். ஆனாலும் என் தவறுதான். கோட்டுப் பொத்தான்களை நான் போட்டுவிட்டேன்.

நவம்பர் 22

எங்கள் தெருமுனையில் முதியோர் கூடம் ஒன்று இருக்கிறது. அம்மா வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள் என்று ஆவுடை எங்களை அங்கே கூட்டிப்போனான். ஃபெர்மின் என்ற பருத்த மனிதரும், அசுன் என்ற மெலிந்த பெண்மணியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேருந்து ஓட்டியவர், அந்த அம்மாள் மருந்துக்கடை வைத்திருந்தவர். நால்வர் ஆடும் மூஸ் என்ற சீட்டாட்டத்துக்கு இருவர் குறைந்ததால் அவர்கள் வெறுமே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு கை கொறையுதாக்கும்" என்றாள் வடிவு. யாரும் மொழிபெயர்க்கவில்லை, சீட்டுக்கட்டைப் பார்த்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது. செங்கோட்டையில் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவள். அவர்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு சம்பந்திகளைச் சீட்டில் தோற்கடித்துவிட்டுத்தான் தூங்குவார்கள். ஆள் கிடைக்காத நாளில் மட்டும் என்னைக் கூட்டாளியாகச் சேர்ப்பாள்.

விதிகளை ஆவுடை விளக்கினான். ஆளுக்கு நான்கு சீட்டு. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். சீட்டைப் பிரித்துப் போடுபவரின் வலப்பக்கம் இருப்பவர்தான் மானோ. அவரே முதலில் பேசுவார், சமமாக வந்தால் வெற்றி அவருக்கு. சுற்று வலப்பக்கமாகப் போகிறது, இருபத்தெட்டைப் போலவே. வியப்பான விதி ஒன்றும் உண்டு. கூட்டாளிக்கு முகத்தால் சைகை காட்டலாம். இரண்டு ராஜா இருந்தால் உதட்டைக் கடிக்க வேண்டும். மூன்று சீட்டு ஒரே மதிப்பானால் வாயை ஒருபக்கம் கோண வேண்டும்.

"எங்கூர்ல இதுக்குப் பேரு களவாணித்தனம்" என்றாள் வடிவு. அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நோய் வந்த பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

சீட்டுகளை இடது கையில் விசிறிபோலப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மேசையில் போட வேண்டிய சீட்டை இடது கையால் போட மறுத்தாள். வலது மணிக்கட்டால் தள்ளினாள். நான் எழுந்து உதவப் போனேன். ஃபெர்மின் மேசையைத் தட்டினார். கூட்டாளியின் சீட்டைக் கூட்டாளி பார்க்கக்கூடாதாம். உட்கார்ந்துவிட்டேன். எல்லோருக்கும் சீட்டைப் பிரித்துப் போடும் முறை அவளுக்கு வந்தபோது மட்டும் அவளுக்காக நான் போட்டேன். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

தோற்றோம். என்னால்தான்.

நவம்பர் 29

இன்று ஒரு சங்கடம். ஆட்டத்தின் நடுவே அசுன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆவுடையைத் தனியே அழைத்துப் பேசினாள். திரும்பி வந்தவன் முகம் சிவந்திருந்தது.

"அம்மா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சைகை காட்டலாம், ஆனா பொய்ச் சைகை காட்டக்கூடாதாம். நீ எல்லா ஆட்டத்துலயும் வாயைக் கோணி மூணு இருக்குன்னு காட்டுறியாம்."

எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. வடிவு தன் வாயோரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். மருத்துவமனைக்குப் போன பிறகு முதல் சிரிப்பு.

"பொய் இல்லன்னு சொல்லுல. மொகமே அப்படித்தான் கெடக்கு. வேணும்னா டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வாரேன்."

அசுனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபெர்மின் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. பிறகு நால்வரும் கூடி முடிவு செய்தோம்: மூன்று ஒரே மதிப்பானால் வடிவு மட்டும் காதைத் தொடலாம். செங்கோட்டையில் அவள் தன் அண்ணனுக்குக் காட்டிய களவாணிச் சைகை அதுதான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் 4

மூஸ் ஆட்டத்தில் வெற்றிப்புள்ளிகளைக் கொண்டைக்கடலையால் கணக்கு வைக்கிறார்கள். இன்று ஒரு சுற்றில் வடிவு "ஓர்தாகோ!" என்று கத்தினாள். முழு ஆட்டத்தையும் ஒரே பந்தயத்தில் வைப்பதாகப் பொருள். அறையே திரும்பிப் பார்த்தது. ஃபெர்மின் பயந்து சீட்டை மடக்கினார். ஜெயித்த கடலைகளை வடிவு தன் வலது கையால், சுட்டுவிரலும் கட்டைவிரலும் நடுங்க, ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இரண்டு உருண்டோடின. அவற்றையும் விடவில்லை.

வீட்டுக்கு வரும்போது மெதுவாகக் கேட்டேன், "பெகோன்யா குடுத்தப்போ தொட மாட்டேன்னியே?"

"அது வெளையாட்டு. இது ஜெயிச்சது."

இரவு ஊட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

டிசம்பர் 8

அசுனைச் சாப்பிட அழைத்திருந்தோம். வடிவு அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உத்தரவிட, நான் மிளகு ரசம் வைத்தேன். "பொங்க விடாதீய. பொங்கிட்டா அது ரசம் இல்ல, கசாயம்." அசுன் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நல்ல மானோ உங்களுக்கு" என்றாள். ஆறாவது குறிப்பு. கை என்னுடையது, பக்குவம் அவளுடையது என்று சொல்ல ஸ்பானிஷ் போதவில்லை. வடிவைச் சுட்டிக் காட்டினேன்.

அசுன் எதிரே வடிவு சாப்பிடவில்லை. பிறகு சாப்பிடுகிறேன் என்றாள்.

ஆவுடை ஒன்று சொன்னான். அன்று வாய் கோணிய விஷயத்தை அசுன் எவ்வளவு பக்குவமாகத் தனியே வந்து சொன்னாள்! இந்த மாதிரி நாசூக்கை இவர்கள் 'இடது கை' என்கிறார்களாம். இடது மானோ உடையவர் என்றால் பிறர் மனம் நோகாமல் காரியம் பார்ப்பவர். வடிவுக்கு இது தாங்கவில்லை.

"இடது கையா? அப்ப எங்கூருக்கு வந்து இடது கையால வெத்தல பாக்கு குடுத்துப் பாக்கச் சொல்லு. நாசூக்கு தெரியும்."

டிசம்பர் 13

மழை. கூடத்துக்குப் போகவில்லை. மூவேளையும் வீட்டுச் சாப்பாடு.

டிசம்பர் 14

ஃபெர்மின் தொலைபேசியில் கூப்பிட்டு, நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டார். மழை என்றேன். வடிவு பக்கத்திலேயே இருந்தாள்.

"மழையா? சன்னல்ல தான உக்காந்திருந்தேன். ஒரு பொட்டுத் தண்ணி இல்ல."

காலையில் மேகமாக இருந்தது என்பது உண்மை.

டிசம்பர் 19

பெகோன்யா ஆவுடையை வைத்துக்கொண்டு பேசினாள். விரல்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வருகின்றன, சீட்டாட்டம் நல்ல வேலை செய்கிறது. ஆனால் கரண்டியையோ உணவையோ கொடுத்தால் கை ஒன்றும் செய்வதில்லை, இது விசித்திரம் என்றாள். ஜனவரி நடுவில் மதிப்பீடு. தானாகச் சாப்பிடும் அளவுக்கு முன்னேற்றம் இல்லையென்றால் இந்தப் பயிற்சியை முடித்துவிடுவார்கள், இடத்தை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள்.

பிறகு நேராக என்னிடம், மெதுவாக, எனக்குப் புரிய வேண்டுமென்றே கேட்டாள்: "வீட்டில் எந்தக் கையால் சாப்பிடுகிறார்?"

தலையாட்டினேன். கேள்வி சரியாகப் புரிந்ததா என்று நிச்சயமில்லை.

"எனக்குத்தான் சோம்பல்னு சொல்லுல. இவுக மேல ஒண்ணும் இல்ல" என்றாள் வடிவு மகனிடம். ஆவுடை என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். இரண்டாவது மானோ நன்றாக அமைந்திருக்கிறது.

டிசம்பர் 27

விடுமுறை. கூடம் பூட்டியிருக்கிறது. புளியோதரை ஊட்டினேன். உருண்டை பிடிப்பதில் எனக்கு ஒரு பக்குவம் வந்திருக்கிறது: அவள் வாய் திறக்கும் அளவுக்கு, இடக்கன்னத்துப் பக்கமாக. இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. சம்பளத்தை வாங்கி வைத்ததும், வீடு கட்டியதும், ஆவுடையைப் படிக்க வைத்ததும் அவள். நான் செடிகளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. திட்டத்தில் இல்லை.

ஜனவரி 4

கூடம் திறந்துவிட்டது.

வடிவு சீட்டுப் போட வேண்டிய முறை வந்தது. வழக்கம்போல நான் கட்டை எடுக்கக் கை நீட்டினேன்.

"கைய எடுங்க."

எடுத்தேன்.

அவள் கட்டைத் தன் முன்னே மேசையில் வைத்தாள். இடது கையால் போடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. ஒருவருக்குக் கொடுப்பதை, அது சீட்டே ஆனாலும், இடது கையால் கொடுக்க அவளால் முடியாது. இடது கையை மடியில் வைத்துக்கொண்டாள். வலது கையைக் கட்டின் மேல் படுக்க வைத்தாள். மேல் சீட்டு அசைந்தது, நின்றது. கட்டைவிரலால் அதன் விளிம்பைத் தேடினாள். சீட்டு ஃபெர்மின் முன்னால் போய் விழுந்தது, முகம் மேலே தெரிய. கோப்பைப் படம் போட்ட ராஜா.

"எடுத்துக் குடுங்க. மறுபடி போடுதேன்."

அடுத்த மேசையில் பேச்சு நின்றது. பொறுமை என்பதே இல்லாத ஃபெர்மின், பேருந்து ஓட்டியபோது பச்சை விளக்குக்கே திட்டியவர் என்று அசுன் சொல்வாள், ஆலிவ் காய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கொட்டையை உருட்டிக்கொண்டிருந்தார். அசுன் தன் கைகளை மேசைக்கு அடியில் வைத்திருந்தாள். எனக்கு மட்டும்தான் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவற்றின் மேல் உட்கார்ந்தேன்.

நான்கு பேருக்கும் நான்கு நான்கு சீட்டு. இரண்டு தரையில் விழுந்தன. நெற்றி வியர்த்துவிட்டது அவளுக்கு. கடைசிச் சீட்டைத் தனக்கு வைத்துக்கொண்டு, ஃபெர்மினைப் பார்த்துச் சொன்னாள், ஸ்பானிஷில்:

"நீங்க மானோ. பேசுங்க."

ஃபெர்மின் கொட்டையைத் துப்பிவிட்டுச் சீட்டுகளை எடுத்தார். விரித்துப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார்.

இந்தப் பெண்ணோடு இத்தனை காலம் ஒரு வீட்டில் இருந்திருக்கிறேன்.

ஜனவரி 5

தட்டை அவள் முன்னால் வைத்தேன். பருப்பும் சாதமும், கொஞ்சம் நெய். பழக்கத்தில் நாற்காலியை அருகில் இழுத்தேன்.

"அங்கேயே இருங்க."

பிசைந்தாள். பாதி தட்டுக்கு வெளியே. எடுத்தாள், வழியில் கொட்டியது. மறுபடி எடுத்தாள். சேலையில், மேசையில், கழுத்தில் பருப்பு. நான் துண்டை எடுக்க எழுந்தபோது ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டேன். என் தட்டுச் சோறு ஆறிப்போனது. அவள் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான், ஆனால் போய்ச் சேர்ந்தது.

மேசையைத் துடைக்க மட்டும் அனுமதித்தாள்.

ஜனவரி 16

மதிப்பீடு முடிந்தது. பெகோன்யா தட்டில் உருளைக்கிழங்கு மசியலும் ஒரு கரண்டியும் வைத்தாள். வடிவு கரண்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கையால் எடுத்துச் சாப்பிட்டாள். பெகோன்யா ஏதோ படிவத்தைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், பிறகு சிரித்துக்கொண்டே குறித்தாள். மூன்று மாதம் பயிற்சி தொடரும். சித்திரையில் செங்கோட்டை போகலாம்.

நடந்து வரும்போது ஆற்றுப் பாலத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள். சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"வடிவு, நான் ஊட்டிக்கிட்டே இருந்ததுதான் தப்பாப் போச்சி. ஒன் கை தூங்கிக் கெடந்ததுக்கு நாந்தான் காரணம்."

"தெரியும்லா."

"தெரியுமா? பெறவு ஏன் ஒண்ணும் சொல்லல?"

கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஆசுபத்திரில கெடந்தப்ப நீங்க இருந்த இருப்பு எனக்குத் தெரியாது. ஆவுடை சொன்னான். சாப்பிடல, தூங்கல, நாக்காலிய விட்டு எந்திரிக்கலன்னு. வீட்டுக்கு வந்து மொத நா எனக்கு ஊட்டினப்பதான் ஒங்க மொகத்துல ரத்தமே வந்துச்சி. சரி, கொஞ்ச நா ஊட்டட்டும், மனுசன் தேறி வரட்டும்னு விட்டேன். பச்சப்புள்ள மாதிரி வாயத் தொறந்துகிட்டு இருக்க எனக்கு என்ன ஆசையா?"

பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்குள்ள பெகோன்யா ஜனவரின்னுட்டா. இனிமே தாங்காதுன்னு கைய எடுக்கச் சொன்னேன். நடங்க. குளுருது."

பாலம் தாண்டும் வரை அவள் வலது கை என் முழங்கையில் இருந்தது. யார் யாரைப் பிடித்து நடந்தோம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நவம்பர் 6 பக்கத்தைப் பிரித்தேன். ஐந்தாவது குறிப்பில், உதவி என்ற பொருளில், 'இதில் விளக்க ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. பிழையை அழிக்கக்கூடாது, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். கோடு போட்டுவிட்டேன். பக்கத்தில் எழுத வேண்டியது இன்னும் எனக்குத் தெரியவில்லை.